அஸ்ருல் சலாம் சொல்லச் சொன்னான்

மேற்பிரிவுத் தேயிலைத் தோட்டம்,
கம்போங் ராஜா.
9 மே 2021, ஞாயிறு

இரண்டாம் லயத்து வரிசை வீடுகளின் வாயிற்படிகளில் நின்று செவிசாய்க்கும் தாய்மாரே! தோழர்களே! கொழுந்தெடுத்துக் காய்த்துப்போன கைகளின் சொந்தக்காரர்களே! நம் தோட்டம் ஈன்ற முதல் மருத்துவன் இருபத்தேழு நாள்களாக நமக்கு ஒரு வரியும் எழுதவில்லை. இது அறமா? இது முறையா? நம் குறையை அவன் செவியில் ஏற்றாமல் இந்த உறையை நான் ஒட்டப் போவதில்லை!

அன்புத் தம்பி லிங்கேஸ்வரனுக்கு அக்கா புவனேஸ் எழுதுவது. மேலே கண்டதை ஒலிபெருக்கியில் முழங்கிவிட்டுத்தான் மேசைக்கு வந்தேன். நாற்பது வீட்டு வாசலிலும் கைதட்டல். செல்லம்மா அக்கா மட்டும், "பாவம்லா அவன். தூங்க நேரமிருக்கோ என்னவோ, நீ வேற மைக்கப் புடிச்சிக்கிட்டு ஏசுற," என்றார்.

நீ அறிவாய், கோறனிப் பெருந்தொற்று வந்து கோயிலைப் பூட்டிய நாள்முதல் அதன் ஒலிபெருக்கிக்கு வேலையில்லை. தோட்ட அலுவலகத்துப் பெரிய கிராணியிடம் இசைவு பெற்று, ஞாயிறுதோறும் மாலை ஐந்து மணிக்கு உன் கடிதங்களை அதில் படித்து வருகிறேன். திருவிழா இல்லை, பட்டிமன்றம் இல்லை, கம்போங் ராஜா ஊர் வரை போய்வரவும் காவல் நிலையத்தின் ஆணைத்தாள் தேவைப்படுகிறது. இம்மக்களுக்கு இப்போது உன் எழுத்துத்தான் திருவிழா.

ஆலை மேட்டில் ஏறினால்தான் அலைவரிசை கிடைக்கிறது. ஏறி அழைத்தால் நீ எடுப்பதில்லை. மணி அடித்து அடித்து ஓய்கிறது. கைப்பேசிப் புலனத்தில் அனுப்பும் செய்திக்கும் மறுமொழி இல்லை. எழுதவாவது செய்.

அம்மாவுக்கு முழங்கால் வலி தணிந்திருக்கிறது. உன்னோடு அறையில் தங்கியிருக்கும் அஸ்ருல் நலமா? முன்பொரு திசம்பரில் இங்கே வந்து மூன்று கம்பளிக்குள் நடுங்கிக் கிடந்த அந்தப் பினாங்குப் பிள்ளையை லயமே நினைவில் வைத்திருக்கிறது. வரும் வியாழன் நோன்புப் பெருநாள். ஊருக்குப் போக அவனுக்கு வழியில்லை. தீபாவளியன்று உனக்காக அவன் பணியில் நின்றான். பெருநாளன்று அவனுக்காக நீ நிற்பாய் அல்லவா? செல்லம்மா அக்கா அவனுக்கென்றே எலுமிச்சை ஊறுகாய் ஒரு சாடி தருகிறார். கோலா தெர்லாவில் முட்டைக்கோசு ஏற்றிக் கீழே இறங்கும் சலாஹுதீன் அண்ணன், தம் சரக்குந்தில் இம்மடலையும் சாடியையும் கொண்டுவந்து உன் மருத்துவமனை வாயிற்காவலரிடம் சேர்ப்பார்.

உடலைப் பேணு. உன் மறுமொழிக்கு நாற்பது வாசல்கள் காத்திருக்கின்றன.

அக்கா,
புவனேஸ்


23 மே 2021

அன்புள்ள அக்காவுக்கும், அம்மாவுக்கும், வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் இரண்டாம் லயத்துப் பெரியவர்கள் அனைவருக்கும் லிங்கேஸ்வரனின் வணக்கம். நான் நலமாக இருக்கிறேன். தாமதத்துக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே வேலை நிறைய. தலைமுதல் கால்வரை மூடிய உடையில் நான்கு மணி நேரம் நின்றுவிட்டுக் கழற்றினால், மழையில் கொழுந்தெடுத்து வந்த அம்மாவைப் போல் இருப்பேன். நோயாளிகள் என் கண்களை மட்டுமே பார்க்கிறார்கள். ஒரு முதியவர், "டாக்டர் தம்பி, ஒங்க மூக்கு நல்லா இருக்குமா?" என்று கேட்டார். அக்காவின் மூக்கைப் போலவே இருக்கும் என்றேன். லயம் சிரிக்கலாம்.

அக்கா, நீ சரக்குந்து என்று எத்தனை முறை எழுதினாலும் சலாஹுதீன் அண்ணன் லாரி என்றுதான் சொல்கிறார். காவலரிடம் சாடியைக் கொடுத்து, "லாரில குலுங்கி மூடி தொறந்துகிச்சி, கோஸெல்லாம் ஊறுகா வாசம்," என்றாராம்.

அந்த ஊறுகாயை அஸ்ருல் சோற்றோடும் தின்கிறான், ரொட்டியோடும் தின்கிறான். "செல்லம்மாக்கா கையால இன்னொரு சாடி வந்துச்சின்னா நான் பினாங்குக்கே போகமாட்டேன்லா," என்கிறான்.

பெருநாளன்று இங்கே மழை. வேறு சிறப்பு இல்லை.

தொலைபேசியில் அழைக்க வேண்டாம், அக்கா. லயத்தில்தான் அலைவரிசை இல்லையே, நீ எதற்கு மேடேறி இளைக்க வேண்டும்? கடிதமே போதும்.

எல்லோருக்கும் அஸ்ருல் சலாம் சொல்லச் சொன்னான்.

அன்புத் தம்பி,
லிங்கேஸ்வரன்


மேற்பிரிவு
6 சூன் 2021

வெற்றித் தம்பி லிங்கேஸ்வரனுக்கு,

நலமே விளைக! இங்கு யாவரும் நலம். நாடு மீண்டும் முழுமையாக அடைக்கப்பட்டுவிட்டது. தோட்டம் மட்டும் அடைபடவில்லை. துளிருக்கு அரசாணை தெரியாது அல்லவா!

உன் கடிதத்தை ஒருமுறை படித்தேன், கூட்டம் விடவில்லை, இருமுறை படித்தேன். மூக்கைப் பற்றிய இடத்தில் லயமே குலுங்கியது. செல்லம்மா அக்கா தம் பெயர் ஒலிபெருக்கியில் ஒலித்ததும் சேலை நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு, "அடப்பாவி, அந்தப் பொடியனுக்கு நான் இன்னும் நாலு சாடி போட்டுத் தரேன்லா! ஊறுகாக்காகவாச்சும் லீவுல இங்க வரட்டும்," என்று கூவினார். அவருடைய மகள், அஸ்ருலுக்கு ஒரு கம்பளிச் சட்டை பின்னியிருக்கிறாள். கீழ்நாட்டு வெக்கையில் எதற்கு என்றால், "மறுபடியும் வருவாருல்ல," என்கிறாள். அனுப்பியிருக்கிறேன். அடுத்த மடலில் அஸ்ருல் தன் கைப்பட இரண்டு வரி எழுதட்டும். இது லயத்தின் தீர்மானம்!

அம்மாதான் சற்று முரண்டு பிடிக்கிறார். படித்து முடித்து இறங்கியதும், "இது அவன் எழுதுனதா?" என்று கேட்டார். அவன் கையெழுத்தம்மா என்றேன். "சோறு சரியில்லன்னு ஒரு வார்த்த இல்ல. கொசு கடிக்குதுன்னு இல்ல. நொட்ட சொல்லாம என் புள்ளக்கி மூச்சு விடத் தெரியாதே," என்றார். பிள்ளை வளர்ந்துவிட்டான், பொறுப்பு வந்துவிட்டது என்று விளக்கினேன். அம்மா கூடையைக் கழுவப் போய்விட்டார்.

விரைந்து எழுது.

அக்கா,
புவனேஸ்


4 ஜூலை 2021

அக்காவுக்கு,

நலம். நீங்கள் எல்லோரும் நலமாக இருப்பீர்கள். உன் கடிதம் வந்து நான்கு வாரம் ஆகிறது. எழுத உட்காருவேன், பிறகு வேறு எங்கோ இருப்பேன்.

கம்பளிச் சட்டை அளவாக இருக்கிறது. அஸ்ருல் அதைப் போட்டுக்கொண்டுதான் உறங்குகிறான். வெளியே முப்பத்து நான்கு பாகை வெப்பம். ஆனாலும் அவனுக்குக் குளிர்கிறது. அவன் காலணி நனைந்தே இருக்கிறது. வெயிலில் வைத்தேன். மறுநாள் எடுத்துப் பார்த்தால் மறுபடியும் நனைந்திருக்கிறது. இரண்டு வரி எழுதித் தரச் சொன்னேன். கை வரவில்லை என்கிறான்.

முன்போல அவன் பேசுவதில்லை. பணி முடிந்து நான் வெளியே வரும்போது, "வண்டிய நான் ஓட்டட்டா?" என்று மட்டும் கேட்கிறான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்தே வருகிறேன். ஏழு கிலோமீட்டர். நடப்பது நல்லது. அவனும் கூட நடக்கிறான்.

நேற்று என் பிரிவில் பதினொருவர்.

அக்கா, இதையும் படிப்பாயா? வாசலில் நின்று கேட்பார்களா?

அஸ்ருல் சலாம் சொல்லச் சொன்னான்.

லிங்கேஸ்வரன்


மேற்பிரிவு
11 சூலை 2021

என் உடன்பிறப்பே! எழுக!

"இதையும் படிப்பாயா" என்றா கேட்டாய்? படித்தேன்! மழைத் தூறலில் குடைபிடித்து நின்று கேட்டார்கள்! நனைந்த காலணியையும் ஏழு கிலோமீட்டர் நடையையும் நான் படித்தபோது, மேடையேறிய இருபது ஆண்டுகளில் நான் கண்டிராத அமைதி அங்கே நிலவியது. பிரிவில் பதினொருவர் என்றாயே, நலம்பெற்று வீடு சென்றவர்கள்தாமே? அப்படித்தான் கூட்டத்துக்கு அறிவித்தேன். கைதட்டினார்கள்.

தம்பி! உன் எழுத்தில் ஓர் அயர்வு தெரிகிறது. அதைத் தூக்கி எறி! காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்களின் பேரன் நீ. பாம்புக்கும் அட்டைக்கும் பனிக்கும் அவர்கள் தளரவில்லை. சோர்வு என்னும் சொல்லுக்கு நம் லயத்தில் இடமில்லை! நாற்பது குடும்பங்களின் நெஞ்சு உன் வெள்ளைச் சட்டைக்குள் துடிக்கிறது. அதை மறவாதே.

அஸ்ருலுக்கு அந்த வெக்கையிலும் குளிர்கிறதென்றால் அவனை உடனே கோறனிப் பரிசோதனைக்கு அனுப்பு. மருத்துவனுக்கு நான் சொல்லித் தர வேண்டியதாயிற்றே!

அம்மா இரண்டு நாள்களாகச் சரியாக உண்ணவில்லை. "அந்தப் பையன் ஏன் செத்தவன மாதிரி நனஞ்சே கெடக்கான்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். வாயைக் கழுவச் சொன்னேன்.

வீரத்தோடு இரு. விரைந்து எழுது.

அக்கா,
புவனேஸ்


18 ஜூலை 2021

மரியாதைக்குரிய புவனேஸ் அக்காவுக்கு,

நீங்களும் அம்மாவும் சுகமாக இருக்க இறைவனை வேண்டுகிறேன். என் பெயர் ஷஃபிகா. லிங்கேஸ்வரனோடு ஒரே பிரிவில் பயிற்சி மருத்துவராக இருக்கிறேன். எனக்கு உங்களைப் போலத் தமிழ் எழுத வராது. முதலில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தயவுசெய்து இந்தக் கடிதத்தை மைக்கில் படிக்காதீர்கள்.

அக்கா, அஸ்ருல் இல்லை. மே 14ஆம் தேதி இறந்துவிட்டான். பெருநாளன்று காலையில் வேலைக்கு வந்தவன் மறுநாள் பகல் வரை இருந்தான். இருபத்தெட்டு மணி நேரம். நல்ல மழை. கார் ஓட்டிக்கொண்டே தூங்கிவிட்டான் என்று போலீஸ் சொன்னது. சாலைத் தடுப்பில் மோதி, கார் பக்கத்து வாய்க்காலில் விழுந்துவிட்டது. நனைந்தபடிதான் அவனை எங்கள் மருத்துவமனைக்கே கொண்டுவந்தார்கள். அடையாளம் காட்டியது லிங்கேஸ்வரன்.

நீங்கள் எழுதிய கடைசிக் கடிதம் லிங்கேஸ்வரன் அறையில் விரித்துக் கிடந்தது. சாப்பாடு கொடுக்கப் போனபோது பார்த்தேன். படித்தது தப்புத்தான். ஆனால் படித்ததால்தான் எனக்குப் புரிந்தது. அந்த அறையில் எப்போதும் இரண்டு தட்டு இருக்கும். எதிர்க் கட்டிலில் அந்தக் கம்பளிச் சட்டையை மடித்து வைத்திருக்கிறான். ஒரு ஜோடி காலணியைக் குழாயில் நனைத்து வாசலில் காய வைப்பதை நானே கண்டேன். எதற்கு என்று கேட்டால், "அவன் போட்டுட்டு வந்தான்," என்கிறான்.

வேலையில் ஒரு தப்பும் செய்வதில்லை. அதுதான் எனக்குப் பயம். யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். போன வாரம் தன் ஸ்டெதஸ்கோப்பை எனக்குக் கொடுத்தான். கைக்கடிகாரத்தைத் துப்புரவு செய்யும் அக்காவிடம் கொடுத்துவிட்டான். "எனக்கு இனி வேணாம்," என்றான். இதற்கு என்ன அர்த்தம் என்று நாங்கள் புத்தகத்தில் படித்திருக்கிறோம்.

கீழ்த்தளத்தில் மனநல மருத்துவர் இருக்கிறார். நல்லவர். இரண்டு தடவை கையைப் பிடித்து இழுத்தேன். லிங்கேஸ்வரன் வரவில்லை. பிரிவுத் தலைவரிடம் விடுப்புக் கேட்டேன். ஆள் இல்லை, விடுப்பு எடுத்தால் பயிற்சி நீளும் என்றார். லிங்கேஸ்வரன் சொன்னது வேறு. அப்படியே எழுதுகிறேன்: "எங்க லயத்துல மைக்ல படிப்பாங்க ஷஃபிகா. டாக்டருக்கே பைத்தியம்னு நாப்பது வூட்டு வாசல்ல நின்னு கேப்பாங்க."

அதனால்தான் உங்களுக்கு எழுதினேன். லாரிக்காரர் வரும் நேரம் பார்த்து நானே கையில் கொடுக்கிறேன்.

ஷஃபிகா


மேற்பிரிவு
20 சூலை 2021

தம்பி,

ஷஃபிகா எழுதியிருக்கிறாள்.

இன்று மூன்று முறை ஆலை மேட்டில் ஏறி அழைத்தேன். நீ எடுக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஐந்து தாள் கிழித்தாயிற்று. எல்லாத் தாளிலும் மேடைப் பேச்சாகவே வருகிறது.

ஒலிபெருக்கியின் கம்பியைப் பிடுங்கிச் சாவியைக் கிராணியிடம் கொடுத்துவிட்டேன். "என்ன புவனேஸ், இந்த வாரம் டாக்டரு கடுதாசி இல்லியா?" என்று செல்லம்மா அக்கா வாசலில் நின்று கேட்டார். இல்லை என்றேன்.

இனி நீ எழுதுவதை நான் மட்டும் படிப்பேன். அம்மாவுக்குச் சொல்லலாம் என்று நீ எழுதினால் அம்மாவுக்குச் சொல்வேன். அந்தப் பதினொருவர் யார் என்று எனக்கு இப்போது தெரிகிறது. அதற்குக் கைதட்ட வைத்தேன்.

எனக்கு எழுது. நலம் என்று எழுதாதே.

அக்கா


25 ஜூலை 2021

அக்கா,

நலமில்லை.

இந்தச் சொல்லை எழுதிவிட்டு நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொலைபேசியை ஏன் எடுப்பதில்லை என்று சொல்கிறேன். நோயாளியின் வீட்டாரை மருத்துவமனைக்குள் விடுவதில்லை. இறந்தால் அழைத்துச் சொல்ல வேண்டும். எங்கள் பிரிவில் அந்த வேலை பெரும்பாலும் எனக்கு வந்தது. தமிழ், மலாய் இரண்டிலும் கனிவாகப் பேசுவேனாம். அக்காவின் தம்பி அல்லவா! ஏப்ரல் முதல் ஐம்பது வீடுகளுக்குச் சொன்னேன். எதிர்முனையில் முதலில் வருவது, "டாக்டரா? சொல்லுங்க டாக்டர், எப்ப வூட்டுக்கு அனுப்புவீங்க?" என்னும் மகிழ்ச்சி. அதை நான் நிறுத்த வேண்டும். இப்போது எந்த மணி ஒலித்தாலும் எதிர்முனையில் இருப்பது அந்த மகிழ்ச்சிதான் என்று தோன்றுகிறது. உன் பெயர் திரையில் வந்தாலும் அப்படியே.

பெருநாளன்று காலை நான்தான் பணிக்குப் போக வேண்டும். கட்டிலில் உட்கார்ந்து காலணி நாடாவைக் கையில் பிடித்தேன். கட்ட முடியவில்லை. விரல்கள் இருந்தன. கட்ட வேண்டும் என்பதும் தெரிந்தது. அரைமணி நேரம் அப்படியே இருந்தேன். அழுதேனாம், அஸ்ருல் சொன்னான். அவன் தொழுதுவிட்டுப் புதுச்சட்டையில் வந்து நின்றான். பார்த்தான். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். "நீ படுலா. நான் போயிட்டு வந்துர்றேன். வூட்டுக்கு மட்டும் எழுதிடாத, அக்கா மைக்ல போட்டுருவாங்க," என்று சிரித்தான். போனான்.

மறுநாள் பிணவறையிலிருந்து திரும்பியபோது காவலர் ஊறுகாய்ச் சாடியையும் உன் கடிதத்தையும் கொடுத்தார். "பெருநாளன்று அவனுக்காக நீ நிற்பாய் அல்லவா" என்று எழுதியிருந்தாய்.

என்ன விடை எழுதுவேன், அக்கா? ஐம்பது வீட்டுக்குச் சொன்னவனால் நாற்பது வாசலுக்குச் சொல்ல முடியவில்லை. சாடியைத் திறந்து இரண்டு தட்டில் சோறு வைத்தேன். அஸ்ருல் தின்றான் என்று எழுதினேன். எழுதியபோது அது பொய்யாகத் தோன்றவில்லை. ஒலிபெருக்கியில் நீ படிப்பாய், எல்லோரும் சிரிப்பார்கள், அங்கே ஓரிடத்திலாவது அவன் உயிரோடு இருப்பான். பிறகு சட்டை வந்தது. பிறகு ஒருநாள் நான் கேட்காமலே அவன் வண்டியை ஓட்டட்டா என்று கேட்டான். அதன்பின் நான் எழுதியவற்றில் எது நான் புனைந்தது, எது அவன் சொன்னது என்று எனக்கே தெரியவில்லை.

அவன் இறந்ததை லயத்துக்கு நீயே சொல்லிவிடு. இன்னொரு முறை சொல்ல என்னால் ஆகாது. என்னைப் பற்றி மட்டும் சொல்லாதே.

களைப்பாக இருக்கிறது. தூங்கினால் எழ வேண்டியிருக்கிறதே என்றுதான் தூங்காமல் இருக்கிறேன்.

லிங்கேஸ்வரன்


29 சூலை 2021

மருத்துவப் பிரிவுத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் ஓய்வின்றி உழைப்பவர் என்பதை அறிவேன். தங்கள் உடல்நலம் சிறக்கட்டும். இதன் மலாய்ப் படியை இணைத்துள்ளேன். தோட்ட அலுவலகத்தில் எழுத்தராக இருப்பதால் மலாய் மடல் எழுதத் தெரியும். சினம் மட்டும் எனக்குத் தமிழில்தான் வருகிறது.

ஐயா, நான் தேயிலைத் தோட்டத்துப் பெண். எங்கள் மலைச்சாலையில் கொழுந்து வண்டி ஓட்டுபவன் காலையில் வந்து நிற்கும்போது எங்கள் கங்காணி முதலில் அவன் கண்ணைப் பார்ப்பார். சிவந்திருந்தால் சாவி கிடையாது. "ஒறங்கிட்டு வா, எலை ஒண்ணும் ஓடிப்போவாது," என்பார். ஏட்டுக்கல்வி இல்லாதவர். அஸ்ருல் என்னும் இளைஞன் இருபத்தெட்டு மணி நேரம் கழித்துத் தங்கள் வாயிலைக் கடந்தபோது, அவன் கண்ணைப் பார்க்க இத்தனை கற்றவர்கள் நிறைந்த மாளிகையில் ஒருவருமே இல்லையா? பெருந்தொற்று கொன்றவர்களைத் தாங்கள் நாள்தோறும் எண்ணி அறிவிக்கிறீர்கள். அஸ்ருலை எந்தக் கணக்கில் சேர்த்தீர்கள்?

ஒருவன் போய்விட்டான். இரண்டாமவன் தன் பொருள்களை ஒவ்வொன்றாகப் பிறருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறான். தவறின்றி வேலை செய்கிறான் என்பதால் அவன் நலமாக இருக்கிறான் என்று எண்ணிவிட்டீர்கள். நானும் அப்படித்தான் எண்ணினேன். ஆகவே தங்களைக் குற்றம் சாட்டும் அதே விரலை என்மீதும் நீட்டிக்கொண்டே எழுதுகிறேன்.

என் தம்பி லிங்கேஸ்வரன் இன்றே பணியிலிருந்து விடுவிக்கப்பட வேண்டும். நோயாளிக்குரிய விடுப்பாக அது எழுதப்பட வேண்டும். அதைக் காட்டி அவனை யாரும் பின்னர் இழிவு செய்யக்கூடாது. அடுத்த சுற்றுப் பணிக்கு ஆளில்லை என்று சொல்லாதீர்கள். நாளைக்கு அவனும் இல்லையென்றால் யாரை நிறுத்துவீர்கள்?

லிங்கேஸ்வரனின் அக்கா,
புவனேஸ் ராமசாமி


மருத்துவமனை வாயிற்காவல் சாவடி
29 சூலை 2021, காலை 9.40

தம்பி லிங்கா,

நான் கீழே வாயிலில் நிற்கிறேன். சலாஹுதீன் அண்ணனின் லாரியில் வந்தேன். ஆம், லாரிதான். உதவியாளுக்கு ஓர் இடம் உண்டு. காவல் நிலையத்தில் ஆணைத்தாள் வாங்கி அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டேன். தடுப்பில் நிறுத்திய காவலர் என்னைப் பார்த்து, "இந்த அக்காவா கோஸ் மூட்டையத் தூக்கும்?" என்று சிரித்தார். சலாஹுதீன் அண்ணன், "தூக்கும் சார், பேசியே தூக்கும்," என்றார். வழியெல்லாம் நான் ஒரு சொல்லும் பேசாமல் வந்ததால் அவருக்கு அச்சம் வந்துவிட்டது.

சற்றுமுன் ஷஃபிகா இறங்கி வந்தாள். உன் பிரிவுத் தலைவருக்கு எழுதிய மடலை அவளிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, ஒருமணி நேரம் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அவர் என்ன முடிவு செய்தாலும் செய்யட்டும். அதற்காக நீ காத்திருக்க வேண்டாம்.

அஸ்ருலைப் பற்றி லயத்துக்குச் சொல்லிவிட்டேன். ஒலிபெருக்கி இல்லாமல், ஒவ்வொரு வாசலாகப் போய்ச் சொன்னேன். நாற்பது முறை. ஐம்பது முறை நீ எப்படிச் சொன்னாய், லிங்கா? செல்லம்மா அக்கா கேட்டுவிட்டுக் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். பிறகு, "அப்ப அந்த ஊறுகாவ யாருலா தின்னது?" என்றார். சொன்னவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

உன்னைப் பற்றி எவரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம் மட்டும் சொன்னேன். நீ இசைவு தராமலே சொன்னேன், அதற்கு என்னை ஏசு. அம்மா அழவில்லை. உன் துணிகளை எடுத்து வெயிலில் போட்டுக்கொண்டே, "டாக்டரு வேணாம். அவன் வந்து சோறு நல்லா இல்லன்னு சொன்னா போதும். போய்க் கூட்டிட்டு வா," என்றார்.

இருபது ஆண்டுகளாக மேடையில் நின்று தோட்டத்து மக்களின் துயரத்தைப் பேசியவள் நான். என் வீட்டுத் துயரம் எனக்கே கடிதம் எழுதியது. அதை உரக்கப் படித்தேன், கேட்கவில்லை. மன்னிப்பு என்னும் சொல்லை இப்போது உன்னிடம் நீட்டமாட்டேன். நீட்டினால் அதற்கும் நீயே விடை சொல்ல வேண்டியிருக்கும்.

அஸ்ருலை விட்டுவிட்டு வா என்று நான் சொல்லமாட்டேன். அவனையும் கூட்டிக்கொண்டு வா. அவன் கேட்பதையெல்லாம் அந்த மருத்துவரிடம் சொல்; என்னால் விளங்கிக்கொள்ள முடியாதது அவருக்கு விளங்கும். கீழ்த்தளத்தில் இடப்பக்கம் மூன்றாவது கதவு. ஷஃபிகா பதிவு செய்துவிட்டாள். முகக்கவசத்தோடு ஒருவர் மட்டும் உடன் வரலாம் என்று காவலர் இசைந்திருக்கிறார். அந்த ஒருவர் நான். நீ உள்ளே இருக்கும்வரை கதவுக்கு வெளியே நிற்பேன். ஒரு சொல்லும் பேசமாட்டேன்.

ஷஃபிகா இந்தத் தாளை எடுத்துக்கொண்டு படியேறப் போகிறாள். படித்து முடித்ததும் எனக்கு விடை எழுத உட்காராதே. இந்த முறை கடிதம் வேண்டாம். பணிப்பட்டியலைப் பார்க்காதே. யாரிடமும் கேட்காதே. எழுந்திரு. அவள் கையைப் பிடித்துக்கொள். கீழே இறங்கி வா, லிங்கா. இப்போதே வா.

அக்கா